உங்கள் பக்கத்து மண்

அக்கா,

இன்று காலை சந்தையில் காய்க்காரப் பெண், "நாட்டுத் தக்காளியா, பெங்களூரா?" என்று கேட்டாள். இரண்டு கூடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒன்றும் வாங்காமலே வந்துவிட்டேன்.

அடி அண்ணாமலை ஊரில் நம் வீட்டைப் பாகம் பிரித்தது நினைவிருக்கிறதா? அண்ணன் பிரிப்பது, தம்பி முதலில் எடுப்பது என்பது வழக்கம். உங்கள் வீட்டுக்காரர், தம்பியான என் வீட்டுக்காரருக்குக் குறை வைக்கக்கூடாதென்று, பின்பக்கத் தோட்டத்தை அடி பிசகாமல் சரிபாதியாக அளந்தார். அதற்கு முந்தின நாள்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து என் அப்பா வந்திருந்தார். மேற்குப் பக்கத்து மண்ணில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். "இது களரும்மா, உப்புக் கரிக்குது. கிழக்கால செம்மண்ணக் கேக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்டார். கிழக்கு எங்களுக்கு வந்தது.

அந்த வருடம் இருவரும் ஒரே பாத்தியிலிருந்து பெங்களூர் தக்காளி நாற்றைப் பிடுங்கி நட்டோம். என் பக்கம் செடி தாங்காமல் காய்த்தது. உங்கள் பக்கம் இலையோரம் கருகி, பூவெல்லாம் கொட்டிப்போனது. நீங்களும் அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டீர்கள். களருக்குச் சாம்பல் இன்னும் கேடு. நாட்டுத் தக்காளி என்றால் அந்த மண்ணிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். இரண்டையும் அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். ஆனால் வாயைத் திறந்தால், தெரிந்தேதான் கிழக்கைக் கேட்டோம் என்பதும் சேர்ந்து வெளியே வந்துவிடுமே.

"ஒரே நாத்துதானடி? உனக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டீர்கள்.

"கைராசிக்கா" என்றேன், சிரித்துக்கொண்டே.

கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தையில்லாத உங்களிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். பாவி நான்.

அதற்குப் பிறகு நீங்கள் விதையைத் தொடவில்லை. கீரை போடக்கூட என்னைக் கூப்பிட்டீர்கள். நான் போட்ட விதையும் முளைக்கவில்லை. அப்போதாவது மண்ணைச் சந்தேகப்படுவீர்கள் என்று பயந்தேன். நீங்களோ, "தண்ணி ஊத்துனது நானாச்சே, அதான்" என்றீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மகள் பிறந்ததும் உங்களிடம்தான் முதலில் தூக்கிக்கொண்டு வந்தேன். நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டீர்கள். "வேணாம்மா, புள்ள நல்லா இருக்கட்டும். நான் இங்கருந்தே பாத்துக்கறேன்." அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

போன ஐப்பசியில் நீங்கள் கண்ணை மூடும்வரை அவளை ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். நேற்று தலை பின்னும்போது கேட்டாள்: "பெரிம்மா ஏம்மா என்னத் தூக்குனதே இல்ல? என்னப் புடிக்காதா?"

"புடிக்கும்டி" என்றேன். அதற்கு மேல் அவளிடமும் சொல்லவில்லை, அக்கா.