பறவை இல்லாத பாறை

அன்புள்ள குட்டிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்தேன், நாங்களும் அப்படியே என்று எழுதத்தான் கை வரவில்லை. போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போன் வந்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், நான் என்னத்தைச் சொல்ல. மாடி வீட்டுக்காரி குழாயைத் திறந்துவிட்டுத் தூங்கி நம் சமையலறைச் சுவரெல்லாம் ஊறிப்போய்விட்டது, துணி துவைக்கிற மெஷின் மறுபடியும் படுத்துவிட்டது, அதெல்லாம் கிடக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வேன் ஓட்டுகிற பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர்களையெல்லாம் குடும்பத்தோடு பறவைத் தீவுக்குப் படகில் கூட்டிப்போனார்கள். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து, பார்சல் கட்டி அனுப்புற மாதிரி இருக்கேன்னு வழியெல்லாம் உன் அப்பா கிண்டல் செய்தார். தீவு என்றால் அரை மணியில் சுற்றி வந்துவிடலாம், அவ்வளவுதான். பலகைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று தீவுக் காவலர் முதலிலேயே சொல்லிவிட்டார். பாதை முடிகிற இடத்தில் கம்பித் தடுப்பு, எதிரே தண்ணீருக்குள் ஒரு பாறை. அதுதான் பறவைங்க கூடு கட்டுற பாறை என்று சொல்லி, வயதில் மூத்தவர் என்று உன் அப்பாவிடம் தொலைநோக்கியை முதலில் கொடுத்தார். இவர் கண்ணில் வைத்ததுமே, அடேயப்பா, எவ்வளவு பறவை, வெள்ளை வெளேர்னு முப்பது நாப்பது இருக்கும்போல என்றார். காவலர் விழித்தார். இல்லீங்களே, போன வாரமே எல்லாம் கிளம்பிப் போயிடுச்சு, இப்ப வெறும் பாறைதான் என்றார். எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பா எப்போதும் இப்படித்தானே. அவரும் சிரித்துக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்துட்டு வெறும் பாறையைப் பார்த்தேன்னு சொல்ல முடியுமா என்றார். நானும்தான் சிரித்தேன். ஆனால் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆளே இல்லாத பக்கம் நீட்டினார். காவலர் நின்றது மறுபக்கம். நான்தான் அதை வாங்கி அவர் கையில் கொடுத்தேன்.

திரும்பும்போது படகுச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று, கண்ணு தெரியலையா என்று காதோரம் கேட்டேன். முதலில் மழுப்பினார், விடவில்லை. நடுவுல புகை மாதிரி மறைக்குது, ஓரம் மட்டும்தான் தெரியுது, ஆறு மாசமாச்சு என்றார். டயர் மாற்றப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஒருநாள் கண் டாக்டரிடம் தனியாகவே போயிருக்கிறார். போன பார்வை வராது, இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொன்ன பிறகும் வேனை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பதினெட்டு வருஷமா அதே ரோடு, எனக்குத் தெரியாதா என்கிறார். குட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதே என்று தண்ணீரைப் பார்த்தபடி அழுதார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமையிலிருந்து நானும் வேனில் போகிறேன். வீட்டில் பொழுது போகவில்லை, பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு சிவப்பு விழுந்தாச்சு, இடது பக்கம் சைக்கிள், வேகத்தடை என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வருவேன். பின்னால் பதினாலு பிள்ளைகள். அம்மாக்காரிகள் வாசலில் நின்று கையாட்டி அனுப்புகிறார்கள், அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது. தலைமையாசிரியை அறை வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். சொன்னால் இந்த மனுஷன் ஒடிந்து உட்கார்ந்துவிடுவார், என்னோடு பேசவே மாட்டார். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எழுதவே பயமாக இருக்கிறது. புதன்கிழமை ஒரு குழந்தையின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, குனிந்து கட்டிவிட்டு நிமிர்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தள்ளுவண்டி. நான் கத்திய கத்தலில் பிரேக் போட்டார். ஒரு சின்னப் பெண்ணுக்கு உதடு கிழிந்துவிட்டது. நாய் குறுக்கே வந்ததென்று அவள் அம்மாவிடம் பொய் சொன்னது நான்தான், அப்பா இல்லை.

நீ சொன்னால்தான் கேட்பார். போனில் சொல்லாதே, பேசியே உன்னை மடக்கிவிடுவார். ஒரு வாரம் லீவு கிடைக்குமா பார். நேரில் வந்து அந்தச் சாவியை அவர் கையிலிருந்து வாங்கிவிடு. என்னால் முடியவில்லை, குட்டி. எனக்குத் தெம்பில்லை.

பல் வலியை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போ. மாப்பிள்ளையை அதட்டாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதும்போது அப்பா எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். குட்டிக்கா எழுதுறே, குடு, நான் படிக்காம கவர்ல வைக்காதே என்று கை நீட்டினார். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. படித்துவிட்டு என்னைத் திட்டட்டும், சாவியைத் தூக்கி எறியட்டும் என்றுதான் கொடுத்தேன். நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாம் சரியா எழுதியிருக்கே என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் என் வரிகளுக்குக் குறுக்கே கோணலாக ஓடுகிறதே, அதுதான்.

உன் அம்மா