கொட்டானில் ஒட்டிய பெயர்

என் கழுத்தில் தாலி கட்டிய மாமாவுக்கு,

தீபாவளிக்குச் சென்னை ஆபீசில் கொடுக்க, பிளாஸ்டிக் இல்லாத பரிசு வேண்டும் என்றீர்கள். நானும் கம்பு பிஸ்கட் சுட்டு, ஓலைக்கொட்டான்களில் அடைத்து, கோவில்பட்டியில் பஸ் ஏற்றிவிட்டேன். ஓவன் தட்டு பட்டுக் கை கொப்பளித்ததை உங்களிடம் சொல்லவில்லை.

என் போனுக்கு வராத உங்கள் ஸ்டேட்டஸை அத்தைதான் காட்டினார். அந்தப் போட்டோவில் கொட்டான்தோறும் என் பெயர் இல்லாத ஓர் அட்டை: ‘செய்தவர்: இந்துஜா.’

“ஏட்டி, எம்மவன் தோள்ல கையப் போட்டுக்கிட்டு நிக்காளே, யாரு இவ?”

“உங்க மவன்கிட்டயே கேளுங்க அத்தை.”

பொங்கலுக்கும் பிஸ்கட் கேட்டீர்களே, அதையும் சுட்டேன். கொட்டான்களோடு கொண்டுபோய்த் தொழுவத்தில் வைத்தேன். ஆடுகள் ஓலையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பிளாஸ்டிக் இல்லையே, அதுகளுக்கு ஒரு கெடுதலும் வராது.

செய்தவள்