பூரட்டாதி நட்சத்திரத்துத் தூதுவர்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
மாசி 11, 2025

அன்புள்ள மகள் வித்தியாவுக்கு,

பாங்கொக் வெயிலில் நீ வாடாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு, இங்கே மூக்கு நுனி உறைந்ததைத் தவிர மற்றபடி சுகமாக இருக்கும் அம்மா எழுதுவது. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை கிடைத்துவிட்டது, அதனால் மாலை முழுவதும் எனக்குப் புத்தி சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது. கீழ்வீட்டு இமெல்டா அக்கா முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்து, பிரெஞ்சு தெரியாமலே டொக்டரோடு சண்டை பிடித்த கதையை மாடி மாடியாக ஏறிச் சொல்லித் திரிகிறா. நடக்கவே ஏலாத கால் மூன்றாம் மாடிக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, தேத்தண்ணி கொடுத்தேன். வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அதில் எழுதினால் நீ ஒரு பெருவிரல் படத்தைப் போட்டு என்னை முடித்துவிடுவாய்.

சீயத்துக்கு, அதுதான் அந்தக் காலத்துத் தாய்லாந்துக்கு, வந்த தூதுவர்களைப் பற்றி, நீ வேலை செய்யும் தூதரகத்தின் ஆண்டு விழாவுக்காக எழுதிய புத்தகத்தின் அச்சுக்குப் போகாத பிரதியை, அகராதியும் கையுமாக இருந்து முழுவதும் வாசித்தேன். அந்த ஐரோப்பிய நாட்டின் பெயரை இதில் எழுதமாட்டேன், எழுதினால் கடிதத்துக்கும் விசா கேட்பார்கள். முதலாவது தூதுவரைப் பற்றி நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். அவர் கொண்டுவந்த அரசர் கடிதத்துக்குப் பொன் படகாம், கொண்டுவந்த ஆளுக்குப் பின்னால் ஒரு சின்னப் படகாம், அரண்மனைக்குள் விடாமல் நான்கு மாதம் ஆற்றங்கரையில் காக்க வைத்தார்களாம், நுளம்பு கடித்ததாம். அந்த நான்கு மாதத்துக்கு நீ இரண்டு பக்கம் கொடுத்திருக்கிறாய். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு விசா கேட்டு அதே நாட்டுத் தூதரகத்தின் பதிலுக்காக அதே நான்கு மாதம் காத்திருந்த உன் மாமா விமலநாதனுக்கு ஒரு வரி. அந்த ஒரு வரியும் கொண்டாட்டப் புத்தகத்துக்குப் பொருந்தாது, எடு என்கிறார்களாம் தூதரகத்தில். நீயும் போனில், "ஒரு வரிதானே அம்மா, எடுக்கட்டா?" என்று கேட்டாய். பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை.

உனக்குச் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் என்னையும் அண்ணையையும் பாங்கொக்கில் ஒரு அறையில் விட்டுவிட்டு மறைந்த பிறகு, தூதுவர் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சரி என்று யாரோ சொன்னார்கள். அண்ணை என்ன செய்தார் தெரியுமா? வெள்ளிக்கிழமை சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய், தூதுவர் பெயருக்கு ஒரு அருச்சனை செய்வித்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். வெள்ளைக்காரனுக்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவது? அண்ணை யோசிக்காமல் தன்னுடைய பூரட்டாதியைக் கொடுத்தார். வெளியே வந்து, "இனி அவரின்ரை விதியும் என்ரை விதியும் ஒண்டுதான் பிள்ளை" என்று சிரித்தார். நானும் விபூதியைப் பூசிக்கொண்டு பல்லைக் காட்டினேன், அந்த வயதில் மூளை அவ்வளவுதான். அருச்சனை பலித்தது. மூன்றாம் கிழமையே தூதுவர் பதவி உயர்வு பெற்றுப் பெரிய நாடொன்றுக்குப் போய்விட்டார். எங்கள் கோப்பு திறக்கப்படாமலே மூடப்பட்டது. அடுத்த கிழமை தெருவில் பொலிஸ் மறித்து அண்ணையைக் கொழும்புக்கு ஏற்றியது. அங்கே விமான நிலையத்துக்கு வெளியே அவரைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டதாக யாரும் சொல்லவில்லை. அந்தத் தூதுவரைத்தான் நீ நூற்றுப் பதினோராம் பக்கத்தில் 'இரக்கமுள்ளவர்' என்று எழுதியிருக்கிறாய். இருந்திருப்பார், பிள்ளை. எங்கள் முறை வரும்வரை அவருக்கு நேரம் இருக்கவில்லை.

அவர்களை மட்டும் திட்ட எனக்கு வாய் இல்லை. நான் இங்கே வந்து இறங்கிய அன்று, படிவத்தில் உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். திருப்பி அனுப்பப்பட்ட அண்ணன் இருப்பது தெரிந்தால் என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள், நம்பினேன். குடியுரிமைப் படிவத்திலும் அதையே எழுதினேன், முதல் பொய்க்கு இரண்டாவது துணை. வித்தியா, அண்ணையை முதலில் எடுத்தவள் நான்தான். முப்பது வருடம் கழித்து ஒரு கடதாசியில் அவரை மறுபடி இருத்தியவள் நீ. அந்த வரியை வாசித்த அன்று கறியை அடுப்பில் கருக விட்டேன், அப்பா அதையே சோற்றில் போட்டுச் சாப்பிட்டார்.

உன் ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது, மறுத்தால் புதுப்பிக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வேலையை விடு என்று சொல்ல நான் யார், வாடகை கட்டுகிறவள் நீ. ஆனால் என்னிடம் சம்மதம் கேட்டாய், அது என்னிடம் இல்லை. அந்த வரி போனால், முன்பக்கத்தில் 'என் அம்மாவுக்கு' என்று போட்டிருக்கிறாயே, அதையும் எடுத்துவிடு. கோபத்தில் சொல்லவில்லை. இன்னொரு தடவை அவர் இல்லாத கடதாசியில் என் பெயர் இருக்கக்கூடாது.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வெயிலுக்குத் தொப்பி போடு, என்ன முடிவு எடுத்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. மாரியம்மன் உனக்குத் துணையிருக்கட்டும், உன்னுடைய சரியான நட்சத்திரத்தைச் சொல்லியே கும்பிடுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா,
சிவாஜினி,
விமலநாதனின் தங்கை.