பரமேசுக்கு ஒரு மொட்டைக் கடிதம்

1986 பங்குனி 2, ஞாயிறு

காலையிலேயே கடும் வெயில். வாய் மூடி இருந்தது போதும். எட்டு வருடம்! கந்தோரில் எனக்கு வரவேண்டிய பிரதம இலிகிதர் பதவி, எழுத்தர்கள் எல்லாருக்கும் மேலான கதிரை, என்னிலும் இளைய துரைராசாவுக்குப் போய் எட்டு வருடம். மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதத் தொடங்கினேன். குற்றங்கள்:

1. புதன்தோறும் மூன்று மணிக்கே கந்தோரை விட்டு வெளியேறல்.
2. கோப்புகளில் வெற்றிலைக் கறை.
3. எந்நேரமும் சிரிப்பு. (இதை எழுத முடியாது.)

மனைவி பரமேஸ் தேநீரை வைத்துவிட்டு நின்றாள். கையில் பயணப் பை.

"இஞ்சருங்கோ, நான் நீர்வேலிக்கு, அம்மாவிட்டைப் போறன்."

"எப்ப வருவீர்?"

"நீங்கள் உந்தத் துரைராசாவை விட்டிட்டு வீட்டுக்கு வந்தாப் பிறகு."

"நான் வீட்டிலைதானே இருக்கிறன்!"

"ஓம், கதிரையிலை இருக்கிறியள்."

பத்து மணி பஸ்ஸில் போய்விட்டாள்.

பங்குனி 5, புதன்

சாட்சி தேவை. மூன்று மணிக்குத் துரைராசா கிளம்ப, நானும் சைக்கிளில் பின்னால். கரவெட்டியில் அவர் வீட்டு வேலியோரம் நின்று பார்த்தேன். மாமரத்தடியில் புருஷனும் மனைவியும் கரம் பலகையில் காய் சுண்டி விளையாட்டு. அந்த அம்மாள் என்னைக் கண்டுவிட்டார்.

"அண்ணை, உவர் அளாப்புறார், என்ரை காயைக் களவாய் எடுக்கிறார்! வந்து நீங்களே பாருங்கோ!"

துரைராசா எழுந்து வந்தார். "என்ன அண்ணை, மூண்டு மணிக்கே கந்தோரை விட்டு வந்திட்டியள்?"

சைக்கிள் மணியைத் துடைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"நான் விடிய ஏழுக்கே வந்து வேலையை முடிச்சுப்போடுவன். புதன் பின்னேரம் இவவுக்கு. சனி தோட்டத்துக்கு. இல்லாட்டிக் கந்தோர் ஆளை முழுக்கத் திண்டுபோடும். உங்கடை பாடு எப்பிடி அண்ணை?"

தலைவலி என்று சொல்லித் திரும்பினேன்.

பங்குனி 6, வியாழன்

புழுக்கம். என் கிழமையின் ஏழு நாளையும் பங்கு போட்டுப் பார்த்தேன். கந்தோர். நித்திரை. மீதி முழுவதும் துரைராசா. பரமேசுக்கு: உப்புக் காணாது என்று சொல்லும் நேரம்.

முருங்கைக்காய்க் கறி வைத்தேன். பாதி வெறும் சக்கை. பரமேஸ் வைக்கும்போது என் சோற்றுக் கோப்பையில் சதைப்பிடிப்பான துண்டுகள் மட்டுமே இருக்கும். மற்றவை எங்கே போயின என்று இருபது வருடத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

கறி கரிந்தும் போனது. வீடு பெரிதாகத் தெரிகிறது.

பங்குனி 8, சனி

முறைப்பாட்டுத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதியது:

"அம்மணி, தங்கள் கணவர் பற்றிய சில உண்மைகள். மேற்படியார் எட்டு வருடமாகத் தங்களுக்குரிய நேரத்தை வேறொருவர் மீதான கோபத்தில் செலவிட்டுள்ளார். தாங்கள் போன நாள் முதல் பாயில் தங்கள் பக்கத்துக்குக் காலைக்கூட நீட்டுவதில்லை. கோபத்தை முற்றாக விடுவார் என்று உறுதி கூற முடியாது, குறைத்துக்கொள்வார். விளையாட்டு எதுவும் தெரியாது; பழக்கினால் பழகுவார். தாங்கள் உடன் நேரில் வந்து விசாரிக்கவும்."

துரைராசாவை மன்னிக்கவில்லை. அது வேறு விடயம்.

பெயர் போட்டால் கெஞ்சுவது போலிருக்கும். என் எழுத்து அவளுக்குத் தெரியாததா? கையெழுத்தில்லாமலே போடுகிறேன். தபாற்கந்தோர் பன்னிரண்டுக்குப் பூட்டிவிடும்.