ரிசைன் என்றால் மறுபடி கையெழுத்து

நவம்பர் 9, திங்கள். மழை.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: என் இடது கால் செருப்பின் வார் இன்று காலை டியூஷன் வாசலில் இயற்கை எய்தியது. ஊரெல்லாம் ஷூ தைக்கும் ஆம்பூரில், ஊக்கு குத்திய செருப்போடு நடக்கும் ஒரே குடிமகன் நான்.

மாலை, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவள், போன வாரம் சூப்பர்வைசர் ஆகிவிட்டாள். புது மேனேஜர் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்.

"பிளஸ் ஒன்னு படிக்கிறயே, தெனம் நாலு வார்த்த சொல்லிக் குடுடா."

இங்கிலீஷில் நான் புலி என்றேன். லேட் என்றால் தாமதம். பெயருக்கு முன்னால் வந்தால் ஆள் காலி. சிரித்தாள். ரீவொர்க் என்றால் மறுபடி வேலை, ரீகட் என்றால் மறுபடி வெட்டு. கம்பெனி வார்த்தைகள், அவளுக்கே தெரியும்.

"அப்போ மறுபடி கையெழுத்து?"

"ரிசைன்."

நவம்பர் 11, புதன். தூறல். கெமிஸ்ட்ரி டெஸ்ட், சொதப்பல்.

அக்காவுக்கு வேலை போய்விட்டது. அவள் அம்மாவிடம் அழுதது சுவர் தாண்டிக் கேட்டது.

"நேத்து வேலச் சிலிப்புல என் கையெழுத்து அழிஞ்சிருந்துச்சும்மா. மறுபடி போட்டுத் தர்றேன்னுதான் 'ஐ ரிசைன் சார்'னேன். 'ஷ்யூரா?'ன்னாரு. 'எஸ் சார்'னேன். 'ஓகே'ன்னாரு. நானும் தேங்க்யூன்னுட்டு வந்தேன். இன்னிக்கு வாட்ச்மேன் உள்ள வுடல. நீதான் வேலய வுட்டுட்டியாமேன்றான்."

தேங்க்யூ! சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. அந்த வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

நவம்பர் 12, வியாழன்.

கிளாஸில் பக்கத்து சீட் ரஃபீக்கிடம் காலரைத் தூக்கிவிட்டுச் சொன்னேன்: "வேணும்னே தப்பா சொல்லிக் குடுத்தேன்டா. எப்டி மாட்டுனாங்க பாரு!"

சிரிப்பான் என்று பார்த்தால்: "இன்னா தோஸ்த் நீ? அவங்க சோத்துல மண்ணப் போட்டியே. போய் மேனேஜராண்ட சொல்லுடா."

சோறு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நவம்பர் 13, வெள்ளி. வெயில்.

பள்ளிக்கு மட்டம். அக்காவோடு கம்பெனி. மேனேஜர் முன்னால் போய் நின்றேன். நான்தான் விளையாட்டுக்குத் தப்பாகச் சொன்னேன் என்றேன், அரைத் தமிழ், அரை இங்கிலீஷ். திட்டினார். பாதி புரிந்தது. அக்கா திங்கட்கிழமை வரலாமாம். சூப்பர்வைசராக இல்லை, பழைய தையல் லைனுக்கே.

கேட்டுக்கு வெளியே அக்கா நின்றாள்.

"வெளையாட்டுக்கா சொன்ன? என் பொழப்பா உனக்கு வெளையாட்டு?"

"இல்லக்கா. எனக்கும் அதான் அர்த்தம்னு நெனச்சேன்."

"அப்றம் புலின்ன?"

"இங்கிலீஷ்ல நான் ஃபெயிலுக்கா."