ஒரு பக்கம் போதும்

நாரணாபுரம்
12-6-1961

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயசீலி எழுதுவது. நானும் பிள்ளைகளும் கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று கேட்காதீர்கள். பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. நேரில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள், முதுகுக்குப் பின்னால் வேறு பேர்.

ஏழு வருஷத் தண்டனைக்கு அப்பீல் என்று நீங்கள் ஜெயிலில் இருந்து எழுதி அனுப்பிய இருபது தாளையும் வக்கீல் வெள்ளைத்துரையிடம் கொடுத்தேன். ரெண்டு தாள் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "டீச்சரம்மா, மேல்கோர்ட்டுல யாரும் கதை கேக்க மாட்டாக. கீழ்க்கோர்ட்டு எங்கன தப்புப் பண்ணுச்சுன்னு ஒரு பக்கத்துல காட்டுனா படிப்பாக. இம்புட்டையும் கொடுத்தா கட்டைக்கூட அவுக்க மாட்டாக" என்றார்.

வீட்டில் உட்கார்ந்து நானும் படித்தேன். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக நீங்கள் உழைத்த உழைப்பு இருக்கிறது, முதலாளியின் நன்றிகெட்டதனம் இருக்கிறது, நம் குடித்தனத்தின் ஒழுக்கத்தைப் பற்றி முழுசாக ஒரு தாள் இருக்கிறது. மருந்து கலக்கிற ஷெட் வெடித்து மாரிசாமி இறந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பது மட்டும் இல்லை. விடை தெரியாத பிள்ளைகள்தான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதும். நீங்கள் தெரிந்தே எழுதியிருக்கிறீர்கள்.

கொளுத்துகிற வெயிலில் பக்கத்தில் நின்று கலக்கச் சொன்னீர்கள் என்பதுதானே கேஸ்? "அந்நேரம் போர்மேன் என் வீட்டுல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக" என்று பொன்னுத்தங்கம் கூண்டில் ஏறிச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளை எந்தக் கம்பெனியிலும் வேலைக்கு எடுக்கவில்லை. நீங்களோ அவள் யாரென்றே தெரியாது என்றீர்கள். நான் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்பதற்காகத்தானே? எனக்கு அதற்கு முன்பே தெரியும் அத்தான். நான் கொடுத்துவிட்ட சாப்பாட்டைத் தினமும் மாரிசாமிதான் சாப்பிட்டார் என்று அவர் பெண்சாதி சாவு வீட்டிலேயே சொல்லி அழுதாள்.

வக்கீல் எழுதிய ஒரு பக்கம் இதோடு வருகிறது. அதில் இருப்பதெல்லாம் அவள் சாட்சியம்தான். அவள் சொன்னது நிஜம், நான் வெட்கப்பட்டு மறுத்துவிட்டேன் என்று உங்கள் பேரில் கடைசியாக ஒரு வரி. இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. கடிதத்தை ஜெயிலர் பிரித்துப் படிப்பார், படிக்கட்டும். ஊரே பேசி முடித்துவிட்டது.

என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று ஏழு வருஷம் உள்ளே கிடக்க வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள். கர்த்தர் உங்களை வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்த பிறகு மத்தியானம் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஜெயசீலி