பேர் பிறகு

மச்சான்,

இன்று காலை உன் ஹெட்போனைக் கழற்றியபோது இரண்டு காதிலும் கறுப்புக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அதன் பஞ்சு உறை உதிரத் தொடங்கிவிட்டது. புதிது வாங்கித் தருகிறோம் என்று ரேடியோ நிலையத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்றேன். குழாயடியில் காதைக் கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நீ போய் நான்கு மாதமாகிறது. நான் இன்னும் அழவில்லை. கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது ஸ்பீக்கர் இரைந்துகொண்டே இருந்தது. போய் வயரைச் சரிசெய்தேன். உன் மனைவி என்னைப் பார்த்து, "இண்டைக்குமா அண்ணா?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. இரைச்சல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மாடிமேல் நம்முடைய சின்ன ரேடியோ நிலையம். ரயில் போனால் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்த கையோடு வந்து மைக்கின் முன் உட்காருவாய். நாதஸ்வரத்துக்குப் பிறகு ஜாஸ் போடுவாய். கவ்வாலிக்குப் பின்னால் ஆட்டம் போடவைக்கும் பைலா. என்ன பாட்டு, யாருடையது என்று முதலில் சொல்லவே மாட்டாய். "முதல்ல கேளுங்கோ. பேர் பிறகு." வகையைச் சொன்னால் சனம் காது கொடுக்காமல் மூக்கைச் சுளிக்கும் என்பது உன் கட்சி. பைலா என்று தெரிந்தால் கச்சேரி மாமாமார் ரேடியோவை மூடுவார்கள், கர்நாடகம் என்று தெரிந்தால் உன் தெருப் பொடியன்கள் மூடுவார்கள். அதில் நீ சொன்னது சரிதான்.

பாட்டுக்கு முன் பேசுவதைப் புதன்கிழமை ஒரே மூச்சில் பதிவு செய்வாய். பின் பேசுவதை வெள்ளிக்கிழமைதான். நடுவில் வியாழன் முழுக்க அந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு திரிய வேண்டும் உனக்கு. அப்படி ஒரு வியாழன் காலையில்தான் உன் நெஞ்சு நின்றது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு நிகழ்ச்சி போயே ஆகவேண்டும் என்றார் மேலாளர். பாட்டுகளின் பெயரை உன் தாளைப் பார்த்து எங்கள் அறிவிப்பாளர் பிள்ளை வாசிப்பதாக முடிவாயிற்று. ஏழு பாட்டு, ஆறு பெயர். ஏழாவதுக்கு நேரே 'பிறகு' என்று மட்டும் எழுதியிருந்தாய். போட்டுக் கேட்டேன். முதலில் பழைய கசெட் இரைச்சல். அடுத்து ஒரு மூச்சு. கிளாரினெட் தொடங்கும் முன்பே அது என் மூச்சு என்று தெரிந்துவிட்டது.

அப்போது உனக்கு இருபத்துநாலு வயது, எனக்கு இருபத்துமூன்று. கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு மேல்மாடி அறை. நான் பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. நிறுத்தியிருக்க வேண்டும். நான் அந்த ஊதலின் சுரத்தையே பிடித்துக்கொண்டு, அங்கிருந்து வேறு பக்கமாகப் போய், நினைத்திராத ஒரு வழியால் திரும்பி வந்தேன். நீ கசெட்டை நிறுத்த மறந்து சிரித்தாய். "கப்பலையும் கோஷ்டியில சேர்த்திட்டாய் மச்சான்" என்றாய். அந்தச் சிரிப்பும் பதிவில் இருக்கிறது.

இரண்டு வருடம் கழித்து பஸ்ஸிலிருந்து விழுந்து என் முன்பல் இரண்டும் போயின. கட்டுப்பல்லோடு கிளாரினெட்டைக் கவ்வினால் சத்தம் வந்தது, வாசிப்பு வரவில்லை. பெட்டியை மூடிவிட்டு, ஸ்டூடியோக் கண்ணாடிக்குப் பின்னால் பொத்தான்களோடு உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கசெட்டைப் போடட்டுமா என்று நீ வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாய். கடைசியாகக் கேட்டபோது எரிந்து விழுந்தேன்.

"அதை வாசிச்சவன் எப்பவோ செத்திட்டான். விடு."

நீ பிளேன்டீயைக் குடித்து முடித்தாய், ஒன்றும் சொல்லவில்லை. நீ பேசாமல் இருந்தால் விடவில்லை என்று அர்த்தம். இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னை இருத்தி வைத்துக்கொண்டு, என் பேரைச் சொல்லியிருப்பாய். கள்ளன் நீ.

ஏழாவது யாருடையது என்று மேலாளர் கேட்டார். தெரியாது என்றேன். அப்படியானால் எடுத்துவிடலாமே என்றார். எடுக்கத்தான் கையை வைத்தேன். எடுத்தால் உன் சிரிப்பும் சேர்ந்து போகும். அதற்காகத்தான் விட்டேன், எனக்காக இல்லை.

"இனி ஒரு ஆள் வாசிப்பார். கேளுங்கோ. பேர் பிறகு" என்றாய், புதன்கிழமைப் பதிவில். நான் வாசித்தேன், கப்பல் ஊதியது, நீ சிரித்தாய். பேர் வராமல் விளம்பரம் போனது. போன் அடிக்கத் தொடங்கியது. வாசித்தது யார் என்று கேட்ட எல்லோரிடமும் தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. மரத்துப்போன வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

கடைசியாகப் போனில் வந்தவர் வத்தளை அக்கா. பழைய பாட்டு போதவில்லை என்று சனிக்கிழமை தவறாமல் உன்னோடு சண்டை பிடிப்பாரே, அவர்தான். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினார். பிறகு அவரும் பேர் கேட்டார். தெரியாது அக்கா என்றேன்.

"சரி, பேர் வேணாம் தம்பி. அந்தக் கப்பலோட வாசிச்ச ஆள், இப்ப உசிரோட இருக்கிறாரா?"

என் நாக்கு கட்டுப்பல்லைத் தடவிக்கொண்டிருந்தது.

"ஓம் அக்கா" என்றேன். "இருக்கிறார்."

கிளாரினெட்டை எடுத்து வாசித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. நான்கு மணிக்கு இப்போது வேறு நிகழ்ச்சி போகிறது, பேரை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். நான் உன் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறேன். வத்தளை அக்கா இன்னும் சனிக்கிழமைதோறும் போனில் வருகிறார். பேர் கேட்பதில்லை. அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்கிறார். இருக்கிறார் அக்கா என்கிறேன். அதைச் சொல்கிற அந்த நேரம் மட்டும், மச்சான், நான் அதை நம்புகிறேன்.